நீள நகமும் விசைப்பலகையும்

விரல் நுனியைத் தாண்டி வளர்ந்த நகத்தை வெட்டாமலேயே கணினி விசைப்பலகையிலும் கைப்பேசித் திரையிலும் எழுதுவது நீள நகத் தட்டச்சு. அழகுக்காக நகம் வளர்ப்பவர்கள், அழகு நிலையத்தில் செயற்கை நகம் ஒட்டிக்கொள்பவர்கள், மீட்டுவதற்காக நகம் விடும் வீணை, கிட்டார் கலைஞர்கள் எல்லோருக்கும் இது அன்றாடப் பாடு. நகத்தை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தொல்லையில் பாதி நகத்தின் நீளத்தில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில் இருக்கிறது.

தடங்கல் எங்கே வருகிறது

தட்டச்சுப் பயிலகத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, விரலை வளைத்து வைத்து நுனியால் அடி என்பதுதான். கையால் அடிக்கும் தட்டச்சுப் பொறிக்கு அது சரி. ஒட்ட வெட்டிய நகத்துக்கும் சரி. நகம் நீண்டுவிட்டால், வளைந்த விரலில் சதைக்கு முன்னால் நகம்தான் விசையைத் தொடும். நகத்துக்கு விசை எங்கே முடிகிறது என்று தெரியாது. வழுக்கும், பக்கத்து விசைக்குத் தாவும்.

ஆகவே விரலை நீட்டிப் படுக்கவைத்து, நுனிக்குக் கீழுள்ள சதையால் அழுத்த வேண்டியிருக்கிறது. இங்கே அடுத்த தடங்கல். அருகருகே உள்ள இரு விசைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே வழக்கமாக 19 மி.மீ. இருக்கும். நகம் 1 செ.மீ. நீண்டிருந்தால், நடு வரிசையில் விரல் இருக்கும்போதே நக நுனி மேல் வரிசைக்கு மேலே நிற்கும். விசை கீழே இறங்க இறங்க விரலும் இறங்கும். நகம் மேல் வரிசை விசையில் போய் இடிக்கும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் ‘ப’வுக்கு மேலே ‘ற’ இருக்கிறது. ‘படம்’ என்று அடிக்கப்போய் ‘பறடம்’ என்று விழுவது இதனால்தான்.

இயற்கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது. விரலும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். அழகு நிலையத்தில் ஓரிரு மணி நேரத்தில் வளர்ந்துவிடும் நகத்துக்கு அந்த அவகாசம் இல்லை. முதல் சில நாள் பிழைகள் மலிவது இயல்பு.

நகத்துக்கு என்ன ஆகிறது

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆன தகடு. விரலைத் தாண்டி நிற்கும் பகுதி நெம்புகோல் போல வேலை செய்கிறது: நுனியில் படும் ஒவ்வொரு அடியும், நகம் சதையோடு ஒட்டியிருக்கும் விளிம்பை நெம்புகிறது. நீளம் கூடக் கூட நெம்புதலும் கூடும். இது ஓயாமல் நடந்தால் நகம் சதையிலிருந்து விலகிப் பிரியலாம். அடியில் வெளுத்த நிறம் தெரிந்தால் அதுதான் அறிகுறி. நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர் நக நுனியால் அடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. டக்டக் என்ற ஓசை பக்கத்து இருக்கைக்காரரை எரிச்சலூட்டுவது வேறு விஷயம்.

எந்த விசைப்பலகை

பழைய மேசைக்கணினி விசைப்பலகைகளிலும் மெக்கானிக்கல் வகையிலும் விசை ஏறத்தாழ 4 மி.மீ. இறங்கும். மடிக்கணினியில் இது பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. வரைதான். நீள நகத்துக்குத் தாழ்வான விசையே தோது. எல்லா வரிசையும் ஒரே உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. படிக்கட்டுபோல ஏறும் விசைகளில் மேல் வரிசை நகத்துக்குக் குறுக்கே நிற்கும். மெக்கானிக்கல்தான் பிடிக்கும் என்பவர்கள் இலேசாக அழுந்தும் விசைகளைத் தேர்ந்துகொள்ளலாம். அவற்றில் பலவும் அடிவரை போகாமலே, ஏறக்குறைய 2 மி.மீ. இறங்கியதும் எழுத்தைப் பதிந்துவிடும். அடிவரை குத்தாமல் பழகியவருக்கு நகம் இடிக்காது.

விசைப்பலகையின் பின்பக்கக் கால்களை மடக்கிவிட வேண்டும். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். ஏற்கெனவே நீட்டி வைத்த விரலோடு அதுவும் சேர்ந்தால் முன்கை சீக்கிரம் வலிக்கும். ஸ்பேஸ் பாரைக் கட்டைவிரலின் பக்கவாட்டால் தட்டினால் போதும், அங்கே நகம் குறுக்கிடுவதில்லை. சதுரமாக வெட்டிய நகத்தின் மூலைகள் பக்கத்து விசையில் தட்டும். பாதாம் வடிவில் தேய்த்த நகம் அவ்வளவாகத் தட்டாது.

தமிழ் எழுத்து ஒட்டிகள் ஒட்டிய விசைப்பலகை நீள நகக்காரருக்கு ஆகாது. நகம் மூலையைத் தொடத் தொட ஒட்டி சுருண்டு கிளம்பும். எழுத்து விசையிலேயே வார்க்கப்பட்டதாக இருந்தால் அழியாது. இல்லையென்றால் எழுத்தைப் பார்க்காமல் அடிக்கப் பழகிவிடுவதே மேல்.

தமிழ்99இல்

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைக்கும் போகின்றன. அ, இ, உ, புள்ளி, க, ப, ம, த ஆகியவை நடு வரிசையில் இருப்பதால் விரல் அதிகம் அலைய வேண்டியதில்லை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுவதும் அடிகளைக் குறைக்கிறது. கீழ் வரிசைதான் வம்பு: வ, ல, ர மூன்றும் அங்கே இருக்கின்றன. கீழே போக விரலை உள்ளே மடக்க வேண்டும். மடக்கினால் நகம் குத்தும். விரலை மடக்காமல் கையையே சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது இதற்கு வழி.

வீணைக்காரர் நிலை இன்னும் சிக்கல். அவர் நகம் விடுவது வலக்கை ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும். தமிழ்99இல் க, ப, ள, ற, ல, ர ஆறும் ஆள்காட்டி விரலுக்கு உரியவை. ம, ன இரண்டும் நடு விரலுக்கு. தமிழில் எந்த வாக்கியமும் இந்த எட்டைத் தொடாமல் நகர்வது அரிது. மீட்டுவதற்கு விரலில் கம்பி மாட்டிக்கொள்ளும் கலைஞர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கழற்றி வைத்துவிட்டு அடிக்கலாம்.

கைப்பேசியில்

அழுத்தத்தை உணரும் பழைய வகைத் தொடுதிரையில் நகமே எழுதுகோலாகப் பயன்பட்டது. இன்றைய கைப்பேசித் திரை விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்வது. நகம் மின்சாரத்தைக் கடத்தாததால் நுனியால் எத்தனை முறை குத்தினாலும் எழுத்து வராது. கட்டைவிரலைச் சாய்த்துச் சதையால் தொட வேண்டும். விரலை எடுக்காமல் எழுத்துக்கு எழுத்து இழுத்துச் செல்லும் முறையும், பேசி எழுதவைக்கும் வசதியும் நீள நகக்காரருக்குப் பெரிய உதவி.

நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிவோருக்கு இவை எதுவும் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டுதலின்படி அவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது. இயற்கை நகத்தின் நுனியும் 0.5 செ.மீ.க்குக் குறைவாகவே இருக்க வேண்டும்.