மகஜரிலிருந்து வினாத்தாள் வரை: ஜொகூரில் ஜனாபிப்பிராயமும் அதன் அளவீடும்

சமூகப் பிரச்சினைகளைக் குறித்துச் சாமானிய மக்கள் என்ன கருதுகிறார்கள் என்பதை அவர்களையே கேட்டு அறியவேண்டும் என்னும் எண்ணம் ஆட்சியின் சரித்திரத்தில் மிகப் பிந்தித் தோன்றியதாகும். பிரிட்டனில் 1937-ஆம் ஆண்டில் மாதிரியாகத் தேர்ந்த சிலரிடம் வினவும் கேலப் முறையிலான அபிப்பிராய ஆய்வு ஆரம்பமாயிற்று. 1983 முதல், விவாகம், மதம், வறுமை முதலிய விஷயங்களில் ஒரே விதமான வினாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு தலைமுறையின் மனம் மாறும் விதத்தையே அளந்துவரும் சமூக மனப்பான்மை ஆய்வும் அங்கே நடந்துவருகிறது.

அதே பிரிட்டன் மலாயாவில் கைக்கொண்ட முறையோ வேறு. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து, தோட்டத் தொழிலாளரின் நிலைமையை விசாரித்து, மறு ஆண்டில் அறிக்கை அளித்த, இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஸ்ரீநிவாச சாஸ்திரியார் பேரறிவாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், துரையும் கிராணியும் கங்காணியும் அதிகாரம் செலுத்திய தோட்டத்தில், லயத்துவாசி தன் மனத்தில் இருந்ததை அச்சமின்றிச் சொல்லியிருப்பான் என்று நம்புவது கடினம்.

1945 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பிரதிநிதி ஹெரால்டு மக்மைக்கேல், மலாய் ராஜ்யங்களை ஒரே ஆட்சியின்கீழ் இணைக்கும் மலாயன் யூனியன் திட்டத்துக்கான கையொப்பத்தை ஜொகூர் சுல்தான் இப்ராஹிமிடம் பெற்றபோதும் குடிகளின் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. கேளாமலே அது வெளிப்பட்டது: 1946 மே 11 அன்று ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசாரில், அத்திட்டத்தை எதிர்த்து அம்னோ என்னும் மலாய்க் கட்சி உதயமாயிற்று. அத்திட்டம் வழங்க முன்வந்த பிரஜாவுரிமையால் பெரும் நன்மை அடையக்கூடிய தமிழரோ பெரும்பாலும் மௌனமாயிருந்தனர். அம்மௌனத்தை அலட்சியம் என்று எழுதிவிடுவது சரித்திராசிரியரின் வழக்கம். என் கருத்தில், கேட்கப்படாதவனின் மௌனத்துக்கு அவ்வளவு எளிதாகப் பொருள் கூறிவிடுதல் நியாயமன்று.

1956-இல் சுதந்திர மலாயாவின் அரசியலமைப்பை வகுக்க நியமிக்கப்பட்ட ரீட் ஆணைக்குழு பெற்ற 131 மகஜர்களிலும் பேசியவர்கள் பெரும்பாலும் சங்கங்களும் தலைவர்களுமே. 1962-இல் சரவாக்கிலும் வட போர்னியோவிலும் 4,000-க்கு மேற்பட்டோரைச் சந்தித்த காபோல்ட் ஆணைக்குழு, மலேசியத் திட்டத்தை மூன்றில் ஒரு பங்கினர் உறுதியாகவும், மற்றொரு பங்கினர் நிபந்தனைகளோடும் ஆதரித்ததாக மதிப்பிட்டது. அது மதிப்பீடேயன்றி அளவீடு அன்று.

முறையான ஆய்வு இந்நாட்டில் வேரூன்றியது 2001-இல் மெர்டேக்கா மையம் என்னும் அபிப்பிராய ஆய்வு நிறுவனம் தோன்றிய பிறகேயாம். 2017-இல் சிங்கப்பூரின் யூசோப் இஷாக் ஆய்வுக் கழகம், இஸ்லாம், ஆட்சிமுறை, சுல்தான் ஆகியவற்றைப் பற்றி ஜொகூர்வாசிகளின் மனப்பான்மையைத் தனியே ஆராய்ந்தது. இது பெரிய முன்னேற்றமே. ஆனால் ஒரு கணக்கை இங்கே நோக்க வேண்டும். ஜொகூரின் ஜனத்தொகையில் இந்தியர் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர். எனவே விகிதாசாரப்படி 1,000 பேரைத் தேர்ந்தால் அவர்களில் இந்தியர் சுமார் 70 பேரே. முழு மாதிரிக்கு 3 சதவீத அளவில் இருக்கும் பிழை எல்லை, இந்த 70 பேரைத் தனியே நோக்கும்போது ஏறத்தாழ 12 சதவீதமாக விரிந்துவிடும். அத்தகைய எண்ணைக் கொண்டு, குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் தமிழ்ப் பள்ளியைப் பற்றியோ குடியிருப்பைப் பற்றியோ என்ன எண்ணுகிறது என்று கூறத் துணிவது சாத்தியமன்று.

ஆகையால், இனி ஜொகூரில் இத்தகைய ஆய்வை மேற்கொள்வோர் இந்திய மாதிரியைத் தனியே பெருக்கி, வினாக்களைத் தமிழிலும் அமைத்து, அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாமல் கேட்டுவர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.