காலியம்: மறுபடி அளந்த மனுஷர்

காலியத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு இடத்துல நின்னுடறேன்.

1871-ல் மெண்டலீவ் தன் அட்டவணையில் அலுமினியக் குடும்பத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார். அங்கே வரவேண்டிய தனிமத்தின் அடர்த்தி சுமார் 5.9 என்றும் கணித்தார். 1875-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லெகோக் த புவாபோத்ரான், பிரனீஸ் மலையின் துத்தநாகத் தாதுவை ஆராய்ந்தபோது நிறமாலையில் இரண்டு புதிய ஊதாக் கோடுகள் தெரிந்தன. அதுதான் காலியம். ஆனால் அவர் அளந்த அடர்த்தி 4.7.

பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், அந்த அளவு தப்பு, மாதிரியில் கலப்படம் இருக்கும் என்றார். லெகோக் மறுபடி சுத்திகரித்து அளந்தார்: 5.9!

உள்ளங்கையில் உருகும் உலோகம்னுதான் எல்லாரும் காலியத்தை வியக்கிறோம். எனக்கு என்னவோ, தன் அளவையே சந்தேகிச்சு மறுபடி தராசுகிட்ட போன லெகோக்தான் பெரிசாத் தெரியறார்.