குளோரியாவும் ஒரு பொப் பாடகியின் நத்தாரும்

கிறிஸ்மஸ் பண்டிகைக்கு இலங்கைத் தமிழில் நத்தார் என்றொரு பெயர் உண்டு. தமிழகத்து வாசகர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'நட்டால்' என்னும் சொல் நம்மவர் நாவில் புரண்டு நத்தார் ஆயிற்று. கொழும்பில் அந்த நத்தாருக்கு ஒரு குரலும் உண்டு. டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்து, இலங்கை மண்ணை மிதிக்காமலே இங்குள்ள வீடுகளில் குடியேறிவிட்ட ஜிம் றீவ்ஸின் குரல் அது. பன்னிரண்டு நத்தார்ப் பாடல்கள் அடங்கிய அவரது இசைத்தட்டு 1963 இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஜூலை 31 இல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். ஆனாலும் டிசெம்பர் பிறந்தால் புறக்கோட்டைத் துணிக்கடைகளில் அவர்தான் பாடுவார். அவர் ஓய்ந்தால் 'பொனி எம்' குழுவினர் தொடங்குவார்கள்.

நான் சில காலம் தெமட்டகொடையில் குடியிருந்தேன். ரயில் இயந்திரக் கொட்டகையின் இரைச்சலும் பேஸ்லைன் வீதியின் வாகன ஓசையும் ஓயாத பகுதி அது. அங்கே மாதங்களைக் காதால் அறிந்துகொள்ளலாம். நோன்புப் பெருநாள் நெருங்கினால் நாகூர் ஹனிபா. வெசாக் வந்தால் பெரிய தோரணமும், வெள்ளுடை அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே குரலில் பாடும் சிங்கள பக்திப் பாடல்களும். மார்கழிக் குளிரில் ஜிம் றீவ்ஸ். மதமும் மொழியும் வேறானாலும் இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை இருந்தது. வீதியில் போகிறவன் இரண்டாம் முறை கேட்கும்போதே கூடச் சேர்ந்து முணுமுணுத்துவிடுவான்.

இந்தப் பழக்கத்தோடு இருந்த காதுக்குத்தான் கிறிஸ்டினா அகிலேராவின் நத்தார்த் தொகுப்பு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் அது 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியானது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருதைப் பெற்றிருந்தார். குரல் வளத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. குறை, அந்த வளம் முழுவதையும் ஒவ்வொரு வரியிலும் கொட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தது. ஒரு சொல்லின் கடைசி உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, வளைந்து, நெளிந்து, கீழே வந்து, திரும்பவும் ஏறுகிறார். அடுத்த சொல் வாசலில் காத்து நிற்கிறது. உலகத்துக்கே மனப்பாடமான மெட்டை இங்கே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. சமையற்கட்டில் கூடவே பாட முயன்ற இல்லத்தரசிகள் இரண்டாம் அடியிலேயே கைவிட்டிருப்பார்கள்.

இதை ஒரு சிறு பெண்ணின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. இந்தப் பாணிக்கு நீண்ட வேர் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடகர் ஒரு சொல்லை இழுத்து நெளிக்கும்போது, சபை கைதட்டியும் குரல் கொடுத்தும் அவருக்கு மறுமொழி சொல்லும். அரேதா ஃபிராங்க்ளின் அங்கிருந்து வந்தவர். விற்னி ஹியூஸ்டனும் அந்தத் தேவாலயத்தின் பிள்ளையே. 1990 இல் மரையா கேரி தமது முதற் பாடலிலேயே இந்த நெளிவுகளைப் பொப்பிசையின் நடுவே கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பின் வந்த இளம் பாடகிகள் எல்லோருக்கும் அது பாடத்திட்டம் ஆயிற்று. தேவாலயத்தில் அது உரையாடலாக இருந்தது. மூடிய ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுமொழி சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஜிம் றீவ்ஸ் நேர் எதிரான வழியில் போனவர். தொடக்கத்தில் அவரும் உரத்த குரலில்தான் பாடிவந்தார். 1957 இல் ஒலிவாங்கிக்கு மிக அருகே உதட்டைக் கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி ஒரு பாடலைப் பதிவுசெய்தார். அது வெற்றி பெறவே, அதுவே அவரது பாணியாயிற்று. அவருக்கு முன்னரே 1942 இல் பிங் குரோஸ்பி 'வெள்ளை நத்தார்' பாடலை அப்படித்தான், பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு பேசுவதுபோலப் பாடியிருந்தார். ஒலிவாங்கி என்னும் கருவி, கத்த வேண்டிய தேவையிலிருந்து பாடகரை விடுவித்தது. பிந்திய தலைமுறை அதே கருவியின் முன் நின்று மீண்டும் உச்சத்துக்குப் போனது விந்தைதான்.

வழக்கு மிகப் பழையது. இறைவனைப் பாடும் பாட்டின் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை மயக்கிவிடுகிறதே என்று 4 ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தீனார் வருந்தி எழுதினார். சொல்லால் அடக்க முடியாத மகிழ்ச்சி சொல்லில்லாத நீண்ட ஓசையாக வெளிப்படும் என்று வியந்தவரும் அவரேதான். 14 ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் 22 ஆம் யோவான், தேவாலயப் பாடகர்கள் சுரங்களைத் துண்டுதுண்டாக்கி மூல இசையை மறைக்கிறார்கள் என்று கண்டனமே விடுத்தார்.

தமிழ்க் காதுக்கு நெளிவு புதிதன்று. எஸ்.ஜி. கிட்டப்பாவின் பிருகாக்களுக்காகவே நாடகக் கொட்டகைகள் நிரம்பின. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாக்களைப் பின்பற்ற முயன்று தொண்டை கெட்டவர்கள் எத்தனை பேரோ! ஆனால் நமது கச்சேரியில் அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆலாபனையில் சொல்லே கிடையாது, வேண்டிய மட்டும் சஞ்சரிக்கலாம். அதே வித்துவான் பஜனை மடத்தில் உட்கார்ந்தால், கூட்டம் திருப்பிச் சொல்ல ஏதுவாக அடியை நேராக எடுத்துக் கொடுப்பார். பெருநாட்களில் தெமட்டகொடையில் ஒலித்த ஹனிபாவின் குரலும் மெல்லிய குரலன்று. ஒலிபெருக்கியையே மிஞ்சும் கனம் அதற்கு. எனினும் ஒரு சொல்கூடச் சிதையாது. உரத்த குரல் வேறு, மிகையான குரல் வேறு.

மரையா கேரியின் கதை இன்னும் சுவையானது. அவரது நத்தார்த் தொகுப்பு 1994 இல் வந்தது. அதில் உலகெங்கும் நிலைத்தது 'நத்தாருக்கு எனக்கு நீ மட்டும் போதும்' என்ற பொருளில் அமைந்த துள்ளல் பாட்டு. தொடக்கத்தின் நெளிவுகள் முடிந்ததும், குழந்தைகூடக் கத்திப் பாடக்கூடிய மெட்டு. வெளிவந்து 25 ஆண்டுகள் கழித்து, 2019 டிசெம்பரில், அது அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்துக்கு வந்தது. சீழ்க்கையொலி உயரம் வரை போகக்கூடிய குரலுக்கு உரியவரை மக்கள் தூக்கிப்பிடித்தது இந்த எளிய பாட்டுக்காக.

அகிலேராவின் தொகுப்பில் இரண்டு பழைய கீதங்கள் உண்டு. ஒன்று, 'ஓ புனித இரவே' என்ற பொருளில் தொடங்குவது. அதற்கு 1847 இல் இசையமைத்த அடோல்ஃப் அடாம் ஒப்பெராவுக்கும் பாலே நடனத்துக்கும் எழுதியவர். உச்சியில் ஒரு சுரத்தை வைத்துத் தனிப் பாடகரை அழைக்கும் மெட்டு அது. அங்கே அகிலேரா ஏறுவதை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

மற்றையது, வானதூதர் பாடக் கேட்டோம் என்று சொல்லும் பிரெஞ்சு நாட்டுக் கீதம். அதன் பல்லவியில் 'குளோரியா' என்ற ஒரே சொல். அதன் ஓகாரம் ஏறத்தாழப் பதினைந்து சுரங்களுக்கு இழுபடும். இதைவிட மிகை வேறென்ன வேண்டும்? ஆனால் கவனியுங்கள்: ஒரே வடிவம் படிப்படியாக ஒவ்வொரு சுரம் கீழே இறங்கி வருகிறது. ஒரு படி தெரிந்தால் அடுத்த படி தானாக வந்துவிடும். நெளிவு முழுவதும் கூட்டத்தின் தொண்டைக்கென்றே செய்யப்பட்டது. அகிலேரா இதன் மேலும் பூவேலை செய்கிறார், அவ்வளவுதான்.

ஒளிவிழாக் காலத்தில் கரோல் குழுவினர் தெமட்டகொடை ஒழுங்கைகளுக்குள் வருவார்கள். போர்க்காலத்தில் தமிழில் பாடிக்கொண்டு இரவில் வீதியில் போவது இலகுவான காரியமாக இருக்கவில்லை. தமிழ்ப் பாட்டு எழும்போது சில கதவுகள் பாதி திறந்து நிற்கும். சிங்களப் பாட்டுக்கு வேறு சில கதவுகள். குளோரியா வரும்போது அந்தச் சொல் தமிழுமில்லை, சிங்களமுமில்லை, லத்தீன். எதிர்வீட்டு முஸ்லிம் பிள்ளைகள் படலையில் தொங்கிக்கொண்டு, பொருள் ஏதும் அறியாமலே, அந்த ஓகாரத்தைக் கடைசிப் படி வரை இறக்கிக்கொண்டு வருவார்கள்.