கல்வராயன் மலையாளிகளின் மணப்பாடலும் வாய்மொழி வரலாறும்

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கரியராமன் என்னும் தெய்வத்துடன் மலைக்கு வந்தனர் என்பது இவர்தம் வாய்மொழி மரபு. தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ (1909) இம்மரபைக் குறிப்பிடுகிறது. தாலி கட்டுவதற்குச் சற்று முன்னர்ச் சடங்கை நடத்துபவர் காஞ்சியையும் கரியராமனையும் முன்வைத்துத் தொடங்கும் பாடலொன்றைப் பாடுவார் என்பதும் அதில் பதிவாகியுள்ளது. ஆயின் பதிவானது பாடலின் தொடக்கம் மட்டுமே. பிற்கால ஆய்வுகளிலும் இடப்பெயர்வுக்கான சான்றாகவே அது பெரிதும் எடுத்தாளப்படுகிறது.

பாடப்படும் தருணத்தை நோக்கின் வேறொரு பொருள் புலப்படும். இரு குடிகள் இணையும் வேளையில் பூர்விக ஊரையும் தெய்வத்தையும் அவையறியச் சொல்வது, காலக்கணக்கைத் தருவதன்று; மணமக்கள் ஒரே மரபினர் என உறுதிசெய்வதாகும். தென்னாப்பிரிக்கக் கோசா மக்களிடமும் குலப்பெயர்களையும் முன்னோர் புகழையும் அடுக்கிச் சொல்லும் வழக்கு உறவை அறிவிக்கும் செயலாகவே நிகழ்கிறது. அங்குப் புகழ்ப்பாடகரான ‘இம்போங்கி’ தலைவனைப் போற்றுவதோடு இடித்துரைக்கவும் உரிமை பெற்றவர். கல்வராயன் பாடலிலோ அத்தகைய இடித்துரைப்பு இருந்ததா என்பதைத் தொடக்க அடியைக்கொண்டு அறிய இயலாது.

வாய்மொழி மரபு கடந்த காலத்தோடு, அது சொல்லப்படும் காலத்தையும் காட்டும் என்பது யான் வான்சினாவின் (1985) கருத்து. எனவே காஞ்சி மரபைப் புலப்பெயர்வின் நேரடிச் சான்றாகக் கொள்வதினும், சமவெளியோடு தமக்குள்ள தொடர்பை மலைமக்கள் நிறுவிய முறையாகக் கொள்வதே பொருந்தும். மணச்சடங்கு மாறுமாயின் பாடலுக்குரிய தருணமும் மறையும். ஆதலின் பாடலை முழுமையாக, அதன் சடங்குச் சூழலுடன் பதிவுசெய்வது உடனடித் தேவையாகும்.