படலைக்கு அப்பால் இரவுடை: ஓர் உடை வரலாற்று நோக்கு

கிருலப்பனைச் சந்தையிலும் அதனை அடுத்த ஒழுங்கைகளிலுள்ள சிறு கடைகளிலும் காலை வேளையிற் பொருள் வாங்க வருவோரின் உடையைச் சற்றே உற்றுநோக்குவோமாக. அலுவலகத்துக்குப் புறப்பட்டவர் காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்திருப்பர். கோயிலுக்குப் போய் மீள்பவர் சேலையும் திருநீறுமாய் நிற்பர். இவர்களுக்கிடையே, கழுத்து முதற் கணுக்கால் வரை தொங்கும் பூப்போட்ட பருத்தி அங்கியொன்றை அணிந்து, தோளின்மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, தேங்காயைத் தட்டிப் பார்க்கும் பெண்களும் நிற்பர். இவ்வங்கியை யாழ்ப்பாணத்தார் சோட்டி என்பர். கொழும்பார் ஹவுஸ்கோட் என்பர். தமிழகத்திலிருந்து நைட்டி என்ற பெயரும் வந்து நிலைத்துவிட்டது. பெயர் மூன்றாயினும் வசை ஒன்றே. வீட்டுக்குள் உடுப்பதை வீதிக்குக் கொண்டுவருதல் தகுமோ என்பதே அவ்வசை.

இதனை நாணம் பற்றிய வினாவாகவே பெரும்பாலோர் கொள்வர். அஃது அவ்வளவு எளிதன்று. சேலை இடையைக் காட்டும். சோட்டி அதனைக் காட்டாது. சேலை உடலின் வடிவை ஒட்டி நிற்கும். சோட்டி அதனை முற்றாக மறைத்து ஒரு சாக்கைப் போலத் தொங்கும். உடலை மறைத்தலே அளவுகோலாயின் சேலை உடுத்தவளன்றோ கண்டிக்கப்படல் வேண்டும்? ஆகவே வசையின் வேர் வேறிடத்தில் உளது. அதனைத் தேடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோரிடம் இரவுக்கெனத் தைத்த தனியுடை இருந்ததில்லை. பகலில் உடுத்த வேட்டி நைந்தபின் இரவுக்கு ஆயிற்று. பழஞ்சேலை உடுக்கவும் போர்க்கவும் உதவியது. அவர்களிடத்தில் ஆடைகளை வேறுபடுத்தியது தையலன்று, நீராடலே. துயின்றெழுந்தபோது உடலிற் கிடப்பது தோயாத ஆடை. நீராடிய பின் உடுப்பது தோய்த்துலர்ந்த ஆடை. ஆறுமுக நாவலர் (1822–1879) சைவப் பிள்ளைகளுக்கு எழுதிய வினாவிடை நூலிலும் கோயில் வழிபாட்டுக்குரிய விதிகளுள் இவ்வேறுபாடு இடம்பெறுகின்றது. இன்றும் ஊர்க் கிழவியொருத்தி, “படுத்த உடுப்போடை கடைக்குப் போறாள்” என்று முணுமுணுக்கும்போது அவள் கடிவது அங்கியின் வெட்டையன்று, குளியாமற் புறப்பட்டமையையே. காலையில் முழுகிய பின் புதிதாக ஒரு சோட்டியை அணிந்து சென்றவளையும் அதே சொல்லாற் கடிவது, பழைய காரணம் மறைந்த பின்னும் பழைய வசை நிலைத்தமையைக் காட்டும்.

நீராடலோடு சேர்த்து நோக்கற்பாலது வேலி. யாழ்ப்பாணத்து வளவைச் சூழ்ந்து நின்ற கிடுகு வேலியும் பனையோலை வேலியும் வெறும் எல்லைக் குறிகள் அல்ல. அவற்றின் உட்புறம் வீடு, வெளிப்புறம் ஊர். கிணற்றடியிலும் அடுப்படியிலும் குறுக்குக்கட்டோடு நடமாடிய மூதாட்டியர், படலையைத் தாண்டுமுன் சேலை உடுத்தனர். ஆயினும் அயல் வளவுக்குப் போவதற்கு வேலியிலே பொட்டு இருந்தது. அப்பொட்டின் வழியாக ஒரு சுண்டு அரிசி கடன் கேட்கப் போகிறவள் குறுக்குக்கட்டோடே போனாள். எவரும் ஒன்றும் சொன்னாரல்லர். படலை வழியே போனால் வீதி. பொட்டு வழியே போனால் வீடு. தூரம் ஒன்றாயினும் உடை வேறாயிற்று. இது மிகவும் நுண்ணிய ஏற்பாடு. நமது உடையொழுக்கத்தை எழுதப் புகுந்தவர் பலர் படலையைக் கண்டனர்; பொட்டைக் கண்டவர் சிலரே.

இவ்வொழுங்கு எல்லார்க்கும் ஒப்ப அமைந்திருந்ததென்று எண்ணுதல் பெரும்பிழை. மேலாடை அணிதல் சாதியுரிமையாகக் கொள்ளப்பட்ட காலம் அது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் மேலுடலை மறைத்து வீதியிற் செல்லத் தடையிருந்தது. ஆடவர் மேற்சாதியார் முன்னிலையிற் சால்வையைத் தோளினின்றும் எடுத்து இடையிற் கட்டினர். திருவிதாங்கூரில் இப்பிணக்கு வரலாற்றேடுகளில் விரிவாகப் பதிந்துள்ளது. கிறித்தவ மிசனரிமாரின் துணையோடு நாடார் குலப் பெண்கள் அணியத் தொடங்கிய குப்பாயம் என்னும் தைத்த சட்டை அங்கு கலகங்களை விளைத்தது. 1859ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மன்னர் விடுத்த அறிவித்தல் அவர்கள் உடலை மறைப்பதற்கு இசைந்தது; ஆயினும் உயர்குலப் பெண்களைப் போன்று உடுத்தலாகாது என்ற வரையறையையும் உடன் வைத்தது. ஈண்டுக் குற்றமாகக் கருதப்பட்டது மறையாமை அன்று, மறைத்தமை. வீதியில் எவர் எதனை உடுக்கலாம் என்ற கேள்வி நாணத்திலிருந்து பிறந்தது என்போர் இந்நிகழ்ச்சிக்கு விடை கூறல் வேண்டும்.

இனி இரவுடையின் வழிமரபை நோக்குவாம். பைஜாமா என்பது காலுக்கான உடை எனப் பொருள்படும் பாரசீக வழிச் சொல். வட இந்தியாவில் அது பகலுடை. அதனை அணிந்தோர் கடைக்கும் மசூதிக்கும் அரசவைக்கும் சென்றனர். அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் அதனை வீட்டில் ஓய்ந்திருக்கவும் உறங்கவும் எடுத்துக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே ஆடவரின் பழைய இரவுச் சட்டையைத் தள்ளிவிட்டு அதுவே படுக்கையுடையாயிற்று. இதற்கு முன்னரே வணிகர் என்ற பொருளில் வழங்கிய குஜராத்திச் சொல்லை வேராகக் கொண்ட பனியன் என்னும் பெயரால் ஒரு தளர்ந்த மேலங்கி ஐரோப்பாவிற் பரவியிருந்தது. சாமுவேல் பெப்பிஸ் என்பார் 1666இல் தம் உருவப்படத்துக்காக இந்திய அங்கியொன்றை வாடகைக்கு எடுத்து அணிந்தார். அப்படம் இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் உளது. வாடகைக்கு எடுத்து அணிந்த வீட்டுடையில் ஒருவர் பெருமிதத்தோடு வீற்றிருக்கும் காட்சி, இன்று சோட்டியைப் பழிப்போர் ஒருமுறை காணத்தக்கது. கீழைத்தேயத்து வீதியுடை மேலைத்தேயத்துப் படுக்கையுடையாகி, பின்னர் வேறு வடிவில் நம்மிடமே மீண்டது.

ஒல்லாந்தர் ஆட்சியில் நம் தீவோடு நெருங்கிய தொடர்புடையதாயிருந்த பத்தாவியாவிலும் இதற்கு ஒப்பான நிலை காணப்பட்டது. அங்கு வாழ்ந்த ஐரோப்பியப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் காலையிற் சாரமும் கபாயும் அணிந்து வீட்டு விறாந்தையிலும் விடுதி விறாந்தையிலும் அமர்ந்திருந்தனர். மாலையில் மட்டுமே ஐரோப்பிய உடை. புதிதாய் வந்திறங்கிய பயணிகள் இதனைக் கண்டு திகைத்தனர். சில கிழமைகளில் அவர்களும் அவ்வாறே அமர்ந்தனர். வெப்பம் வாதிடாமலே வென்றுவிடும்.

நம் நாட்டில் எதிர்த் திசையிலிருந்து ஒரு கண்டனம் எழுந்தது. 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடக்கிய ஆனந்த குமாரசுவாமி, ஐரோப்பிய உடையை நம்மவர் ஆராயாது மேற்கொள்வதைக் கடிந்து அவ்வாண்டிலேயே சிறு பிரசுரமொன்றும் எழுதினார். அவர் கருத்தில் நின்றவை கவுணும் தொப்பியும். அக்கவுணின் பேத்தியாகிய சோட்டி பின்னாளில் நம் மனைகளை நிறைக்குமென்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். அவருடைய வாதத்தைக் கைக்கொண்டு சோட்டியை அந்நிய உடையென்று ஒதுக்குவோர் இன்றும் உளர். ஆனால் சேலையோடு நாம் அணியும் தைத்த சட்டையும் ஐரோப்பியர் காலத்திலேயே இன்றைய வடிவைப் பெற்றது. அதனை மறந்து பேசுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

அண்மைக்காலத்தில் இவ்விடயம் தண்டனை வரையில் வந்தது. மகாராட்டிர மாநிலத்தில் நவி மும்பையைச் சார்ந்த கோத்திவலி என்னும் ஊரில் 2014இல், பகலில் நைட்டியோடு வெளியே நடமாடும் பெண்களுக்கு 500 ரூபாய் தண்டம் என்று ஒரு மாதர் சங்கம் அறிவித்தது. விதித்தவரும் பெண்களே என்பது கருதத்தக்கது. ஆந்திர மாநிலத்து அப்போது மேற்குக் கோதாவரி மாவட்டத்திலிருந்த தோக்கலபள்ளியில் ஊர்ப் பெரியோர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டி அணிந்து வெளிவருவோர்க்கு 2,000 ரூபாய் தண்டம். காட்டிக்கொடுப்போர்க்கு 1,000 ரூபாய் வெகுமதி. 2018 நவம்பரிற் செய்தி வெளியாகவே அரச அலுவலர் அவ்வூருக்குச் சென்று விசாரித்தனர். கூலி வேலையால் வாழும் ஒரு குடும்பத்துக்கு 2,000 ரூபாய் எத்தனை நாள் உழைப்பென்று கணக்கிட்டால், இது ஒழுக்கத்தைக் காக்கும் ஏற்பாடா, அயலாரை ஒற்றராக்கும் ஏற்பாடா என்பது விளங்கும்.

இது நம் நாடுகளுக்கு மட்டும் உரிய நோய் அன்று. 2010இல் ஷாங்காய் நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பைஜாமாவோடு வீதிக்கு வரவேண்டாமென்று அறிவித்தல்கள் தொங்கவிடப்பட்டன, தொண்டர்களும் நிறுத்தப்பட்டனர். ஷாங்காயின் பழைய ஒழுங்கைகளிற் பல குடும்பங்கள் ஒரே சமையலறையையும் ஒரே கழிப்பிடத்தையும் பகிர்ந்து வாழ்ந்தன. கழிப்பிடத்துக்குப் போவதற்கே ஒழுங்கையைக் கடக்க வேண்டியவர், கடைக்குப் போவதற்கு உடை மாற்றுவாரோ? விருந்தினர் கண்ணுக்கு நகரம் அழகாகத் தோன்றல் வேண்டுமென்ற ஆசை, குடிமக்களின் இடநெருக்கத்தை மறந்துவிட்டது. சீனாவின் ஆன்ஹுவெய் மாகாணத்துச் சுசோ நகர அதிகாரிகள் 2020 ஜனவரியில் பைஜாமாவோடு வெளியே சென்ற ஏழு பேரின் படங்களைக் கமராக்களிலிருந்து எடுத்துப் பெயரோடு வெளியிட்டனர். கண்டனம் எழவே மன்னிப்புக் கோரினர். கண்காட்சி நடந்த அதே 2010இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் டெஸ்கோக் கடையொன்று இரவுடையோடும் வெறுங்காலோடும் வருவோரை ஏற்பதில்லை என்று எழுதி வைத்தது.

தமிழகத்துக்கு மீள்வோம். 2014இல் சென்னைக் கிரிக்கெற் கழகமொன்றில், வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவர்க்கு நுழைவு மறுக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, வேட்டி முதலிய மரபுடை அணிந்தோரைப் பொது இடங்களில் தடுத்தல் குற்றமெனச் சட்டசபை அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றியது. நீதியரசரின் வேட்டிக்குச் சட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் கோத்திவலிப் பெண்ணின் நைட்டிக்குத் தண்டம் கிடைத்தது. 2015 நவம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை கோயில்களுக்குரிய உடையை வரையறுத்தபோது, ஆடவர்க்கு வேட்டியோடு மேலாடையுடன் கூடிய பைஜாமாவையும் தக்கதெனக் கூறியது. பின்னர் அக்கட்டளைக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. எனினும், கார்டிஃப் கடை வாயிலில் தள்ளப்படும் பைஜாமா மதுரையில் இறைவன் சந்நிதிக்கு ஏற்றதாய் நின்றமை, ஒரு துணியின் தகுதி துணியில் இல்லை என்பதற்கு நல்ல சான்று.

ஆசிரியராகிய நாம் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. பிள்ளையை ஒப்படைக்க வரும் தாய்மார் சேலையோடுதான் உள்ளே வரவேண்டும் என்று விதித்த பாடசாலைகள் நம் நாட்டில் உண்டு. இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலைத் தலைமையாசிரியை 2016 ஜனவரியில் பைஜாமாவோடு வரும் பெற்றோர்க்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது முகங்கழுவி உடை மாற்றி வருமாறு மட்டுமே, இன்ன உடை என்று குறிக்கவில்லை. நாமோ ஆறு யார் துணியைக் கேட்கின்றோம். விடியுமுன் எழுந்து சமைத்து, மூன்று பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பஸ்ஸுக்கு ஓடும் தாய்க்குச் சேலை உடுத்தும் கால் மணித்தியாலம் எங்கிருந்து வரும்? 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத உடையோடு பாடசாலைக்குச் சென்றபோது எழுந்த விவாதத்தில், அதே கால் மணித்தியாலத்தையும் சேலையின் விலையையும் ஆசிரியைகளே எடுத்துரைத்தனர். தமக்கென்று கேட்ட தளர்வை வாயிலில் நிற்கும் தாய்க்கும் அளித்தல் முறையன்றோ?

ஆடவர் நிலை வேறு. இரவிற் படுத்த சாரத்தோடேயே, மேலே ஒரு பெனியனை மட்டும் மாட்டிக்கொண்டு, காலையிற் பத்திரிகையும் பாணும் வாங்கச் சந்திக்கு வரும் ஆடவரைக் கிருலப்பனையில் எவரும் திரும்பிப் பாரார். சாரமும் இரவுடைதான், அதுவும் கடல்கடந்து வந்த மலாய்ச் சொல்லோடு வந்ததுதான். அதற்கு வசையும் இல்லை, தண்டமும் இல்லை, தோளிற் போட ஒரு துவாயும் வேண்டியதில்லை.

அத்துவாய் பற்றி ஒரு சொல். சோட்டியின் மேல் துவாயைப் போட்டவுடன் அது வீதியுடையாகிவிடுகின்றது என்பது பெண்கள் தாமாகக் கண்ட உடன்படிக்கை. தமிழகத்தில் அவ்விடத்தைத் துப்பட்டாவும் துண்டும் பிடித்தன. துவாய் என்ற சொல்லோ போர்த்துக்கேயர் தந்தது. குளித்தவர் துடைப்பதற்குரிய துணி மேலாடையின் மானத்தைத் தாங்கி நிற்கிறது. குளித்துவிட்டேன் என்று கிழவிக்குச் சொல்லாமற் சொல்வதும் அதுவே போலும். திருவிதாங்கூரில் மேலாடைக்காகச் சிந்திய குருதியை எண்ணுவோர், இத்துவாயைக் கண்டு நகைக்கமாட்டார்.

1983இன் கலவரத்துக்கும் அதன் பின் நீண்ட போருக்கும் இடையில் வடக்கிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தங்கின. தொடர்மாடிகள் நிரை நிரையாக எழுந்தன. அங்கே வேலியில்லை, வளவில்லை, கிணற்றடியில்லை. கதவைத் திறந்தாற் பொது நடை, நடையின் முடிவில் மின்தூக்கி, கீழே இறங்கினால் வீதி. வேலிப் பொட்டுக்கு நேரான இடம் யாதென்று எவரும் தீர்மானிக்கவில்லை. நான்காம் மாடியிலிருந்து கறிவேப்பிலை வாங்க இறங்குகிறவள், தன் அளவில், பொட்டு வழியாகவே அயல் வளவுக்குப் போகின்றாள். பார்ப்பவனோ அவள் படலையைத் தாண்டியதாகக் கொள்கின்றான். பிணக்கு முழுவதும் இவ்விரண்டு கணக்குகளின் வேற்றுமையே.

காலையிலும் மாலையிலும் பேதோவனின் இசையை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் பாண் விற்கும் முச்சக்கர வண்டி வருகின்றது. அதன் ஒலி கேட்டதும் சோட்டியோடு இறங்கி வருகிறவர்களுள் துவாயை மறந்தவர்களும் உண்டு. அதே ஒழுங்கையில், அதே வேளையில், அவர்களை எவரும் கடிவதில்லை. அவ்வண்டியைத் தவறவிட்டு நூறு யார் தூரத்திலுள்ள கடைக்கு நடப்பவளுக்கு மட்டுமே வசை. 2020 மார்ச்சு முதற் சில கிழமைகள் ஊரடங்கு நிலவியபோது காய்கறியும் மீனும் அரிசியும் லொறிகளில் ஒழுங்கைகளுக்குள்ளேயே வந்தன. ஒழுங்கை முழுவதும் கடைத்தெருவாயிற்று. அந்நாட்களில் சேலை உடுத்து வரிசையில் நின்றவரை இவ்வூரிற் காணுதல் அரிதாயிருந்தது.