மல்லாட்டைக் கொல்லையில ஒரு கிரவுண்டு

போன வாரம் உளுந்துக்கு மருந்து அடிச்சுட்டு வரும்போது அந்தக் காலேஜ் கேட்டுக்கிட்ட வண்டியை நிறுத்தினேன். கேட்டுல பூட்டு. பூட்டுக்குப் பக்கத்துலயே காம்பவுண்டு சுவரு ஓர் ஆள் அகலத்துக்கு இடிஞ்சு கெடக்கு, அது வழியா எங்க ஊர் ஆடுங்க போய்ட்டு வருதுங்க. உள்ள வாலிபால் கிரவுண்டுல ஒரு கம்பம் மட்டும் நிக்குது. இன்னொண்ணை யாரோ பழைய இரும்புக்குப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. தரையெல்லாம் சீமைக்கருவேலம்.

சென்னையிலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் கார்ல வர்றவங்க இந்த மாதிரி கட்டடங்களைப் பாத்திருப்பீங்க. திண்டிவனம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் வரும். நாலு மாடி, முன்னால கண்ணாடி, மேல பெரிய எழுத்துல பேரு. சிலது நல்லா நடக்குது, சிலது பாதி நடக்குது, சிலதுல வாட்ச்மேன் மட்டும் இருக்காரு. நான் சொல்ற காலேஜோட பேரு வேண்டாம். பேரு சொல்லி ஆகப்போறதும் ஒண்ணும் இல்ல.

அந்த நிலம் எனக்கு நல்லாத் தெரியும். அதுல நாலு ஏக்கரு எங்க சித்தப்பாவோடது. மானாவாரி மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலைன்னு நீங்க சொல்றதை நாங்க மல்லாட்டைன்னு சொல்லுவோம். மணிலாக்கொட்டை தேய்ஞ்சு மல்லாட்டை ஆச்சு. திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7ன்னு ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போன மல்லாட்டை ரகமெல்லாம் அங்க பொறந்ததுதான். டி.எம்.வி.ன்னா திண்டிவனம். ஊருக்கு அப்படி ஒரு பேரு இருந்த காலத்துல, படிப்புக்குன்னு இந்தப் பக்கம் பேரு சொல்ற மாதிரி ஒண்ணும் கெடையாது. 1968ல விழுப்புரத்துல அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி வந்துச்சு. 1969ல திண்டிவனத்துல அரசு கலைக் கல்லூரி. திண்டிவனம் கல்லூரிக்கு ஏ.கோவிந்தசாமி பேரு. அவரு அண்ணா மந்திரிசபையில விவசாய மந்திரியா இருந்தவரு. விவசாய மந்திரி பேர்ல காலேஜ் இருக்கிறதுல எனக்குத் தனி சந்தோஷம்.

எங்க அப்பா தலைமுறையில எஞ்சினியர்னா கிண்டி, கோயம்புத்தூர், காரைக்குடி, இல்லேன்னா பக்கத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அவ்வளவுதான். 1984ல எம்.ஜி.ஆர். ஆட்சியில தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தாங்க. அன்னைக்கு அது கர்நாடகாவுக்குப் பெட்டியில பணம் எடுத்துட்டுப் போய் சீட்டு வாங்கினவங்க பிரச்சினை. எங்க ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சம்பந்தம் வந்தது அப்புறம்தான். 1997ல அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச்சாளர கவுன்சிலிங் கொண்டாந்துச்சு. மார்க் இருந்தா யாரு சிபாரிசும் இல்லாம சீட்டுன்னு ஆச்சு. பேங்க்ல கல்விக் கடன் கெடைச்சுது. 2007 சேர்க்கையிலேர்ந்து நுழைவுத் தேர்வு இல்ல. 2010ல முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசாங்கமே கல்விக் கட்டணத்துல 20,000 ரூபாய் வரைக்கும் ஏத்துக்கிச்சு. அதுக்கு நடுவுல 2008ல அண்ணா பல்கலைக்கழகத்தோட உறுப்புக் கல்லூரி விழுப்புரம் காகுப்பத்துல ஒண்ணு, திண்டிவனம் மேல்பாக்கத்துல ஒண்ணு. அரசாங்கமே ரெண்டு காலேஜ் ஆரம்பிக்குதுன்னா எவ்வளவு கூட்டம் இருக்கும்னு தனியாரும் கணக்குப் போட்டாங்க. மாநிலம் பூரா பொறியியல் கல்லூரி எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிடுச்சு.

சித்தப்பா நிலத்தை வித்தது அந்த அலையிலதான். கிராமத்துல காலேஜ் கட்ட இத்தனை ஏக்கரு இருக்கணும்னு ஏ.ஐ.சி.டி.இ. விதி. அதனாலதான் ரோட்டை ஒட்டின மானாவாரி நிலத்துக்கு அப்படி ஒரு கிராக்கி. "மல்லாட்டை போட்டு நான் என்னடா கண்டேன், இனிமே இந்த மண்ணுல எஞ்சினியரு மொளைக்கட்டும்"னாரு சித்தப்பா. கிண்டலாச் சொன்னாரா, பெருமையாச் சொன்னாரான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல. அவரும் இப்ப இல்ல.

காலேஜ் வந்ததுல எங்க பசங்களுக்குக் கெடைச்ச முதல் லாபம் படிப்பு இல்ல, கிரவுண்டு. சரியா அளந்து போட்ட வாலிபால் கோர்ட்டு, கபடிக்கு மண் தளம், ராத்திரி வெளிச்சத்துக்கு லைட்டு. அதுக்கு முந்தி ஏரி வத்தினா ஏரிக்குள்ள வெளையாடுவோம், தண்ணி வந்தா கோயில் திடல். அங்க இருந்த பி.டி. மாஸ்டர் நல்ல மனுஷன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஊர்ப் பசங்க உள்ள வந்தா ஒண்ணும் சொல்லமாட்டாரு. பொங்கல் டோர்னமெண்டுக்கு ஊர் ஊராப் போய் உக்காந்து பாப்பாரு. எவன் கை நல்லாயிருக்கோ அவன் அப்பாகிட்ட போய், "பையனைக் குடுங்க, பீஸு வேணாம், ஆஸ்டலும் ஃப்ரீ"ம்பாரு. எஸ்.ஆர்.எம். வாலிபால் டீம் பேரு தெரியாத பையன் எங்க பக்கம் கெடையாது. அதோட சின்ன நகல் ஒண்ணு எங்க ரோட்டோரத்துலயே வந்த மாதிரி இருந்துச்சு.

அப்படித்தான் எங்க அண்ணன் மகனும் 2014ல மெக்கானிக்கல்ல சேர்ந்தான்.

இதுல டவுன்காரங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. எங்க பசங்களுக்கு வாலிபாலும் கபடியும் பொழுதுபோக்கு மட்டும் இல்ல. போலீஸ் தேர்வுல விளையாட்டு வீரர்களுக்குன்னு 10 சதவீத இடம் இருக்கு. மத்த அரசு வேலையில 3 சதவீதம். அதுக்கு சர்ட்டிபிகேட் வேணும். பல்கலைக்கழக டீமுல இடம் பிடிச்சு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போய்ட்டு வந்தவனுக்கு ஃபார்ம் 3. ஃபார்ம் 3ன்னா என்னன்னு எங்க ஊர்ல பத்தாவது படிக்கிற பையனைக் கேளுங்க, சொல்லுவான். அந்தக் காகிதத்துக்குப் போற வழி காலேஜ் டீம்தான். காலேஜுல டீம் இருந்தாத்தான் மண்டலப் போட்டி, மண்டலத்துல கண்ணுல பட்டாத்தான் பல்கலைக்கழகத் தேர்வு.

இப்ப காலேஜோட கணக்குக்கு வர்றேன். அஞ்சு பிரிவு, பிரிவுக்கு 60 பேருன்னா வருஷத்துக்கு 300. நாலு வருஷத்துக்கு 1,200. 2017ல கட்டணக் குழு கவுன்சிலிங் சீட்டுக்குப் போட்ட குறைஞ்ச பீஸு 50,000. எல்லா சீட்டும் நெறைஞ்சா வருஷம் 6 கோடி. 15 பேருக்கு ஒரு வாத்தியாருன்னு அப்ப விதி, அதனால 80 வாத்தியாருங்க. வருஷத்துக்கு 70 பேருதான் சேர்றாங்கன்னு வையுங்க. 280 பேரு, 1 கோடியே 40 லட்சம். பஸ்ஸுக்கு டீசல் அதே விலை. பேங்க் வட்டி அதே வட்டி. உதவித்தொகைப் பணம் அரசாங்கத்துலேர்ந்து வர்றப்பதான் வரும். நாங்க மழை பொய்ச்ச வருஷம் எப்படி இருப்போமோ அப்படி. ஆனா எங்களுக்கு அடுத்த வருஷம் மழை வரலாம், அவங்களுக்கு நாலு வருஷத்துக்கு அந்தக் குறை கூடவே வரும். இந்த வருஷம் சேராத பையன் அடுத்த மூணு வருஷமும் கிளாஸ்ல இருக்கமாட்டான்.

2017, 2018 வாக்குல கவுன்சிலிங் முடிஞ்சப்ப மாநிலத்துல சீட்டுங்க பாதிக்குப் பாதி காலியா நின்னுச்சு. வேலை கெடைக்கலங்கறது ஒரு காரணம். சிவில், மெக்கானிக்கல் முடிச்சவன் ஒரகடத்துல டிப்ளமா சம்பளத்துக்கு நின்னதை ஊரே பாத்துச்சு. இன்னொரு காரணத்தை யாரும் பெருசாப் பேசறதில்ல. எங்க அப்பாவோட சேர்த்து அவங்க அஞ்சு பேரு. நாங்க மூணு பேரு. எனக்கு ஒரே பொண்ணு. தமிழ்நாட்டுல குழந்தைப் பேறு ஒரு பெண்ணுக்கு ரெண்டுக்கும் கீழ போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க ஊர் தொடக்கப் பள்ளிக்கூடத்துல வகுப்பறை அப்பவே காலியாக ஆரம்பிச்சுது. அந்தப் பசங்கதானே பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு காலேஜுக்கு வரணும்? கட்டடம் கட்டினவங்க பள்ளிக்கூடத்தை எட்டிப் பாக்கல.

தனியார் மட்டும்தான் சிக்குச்சுன்னு நெனைக்காதீங்க. 1929ல ஆரம்பிச்ச அண்ணாமலைப் பல்கலைக்கழகமே சம்பளம் குடுக்க முடியாம தடுமாறி, 2013ல அரசாங்கம் தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கிச்சு. தேவைக்கு மேல சேர்ந்திருந்த ஆளுங்களை மத்த அரசுக் கல்லூரிகளுக்கும் ஆபீசுகளுக்கும் பிரிச்சு அனுப்பினாங்க. விழுப்புரத்துக்குன்னே ஒரு பல்கலைக்கழகம், ஜெயலலிதா பேர்ல, 2021 பிப்ரவரியில சட்டம் ஆச்சு. அதே வருஷமே அண்ணாமலையோட இணைச்சுட்டாங்க. அதுல அரசியல் உண்டு, நான் அதுக்குள்ள போகல. நான் படிச்சப்ப இங்க கலைக் கல்லூரியெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகம். அப்புறம் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இப்ப அண்ணாமலை. ஒரே கிரவுண்டுல ஓடின அண்ணன், தம்பி, அண்ணன் பையன் மூணு பேருக்கும் மூணு பல்கலைக்கழக பனியன்.

எங்க ரோட்டோரக் காலேஜுல 2016ல முதல்ல நிறுத்தினது எது தெரியுமா? ஏ.சி. கார் இல்ல. பி.டி. மாஸ்டரை. ஜூன்ல வரவேணாம்னுட்டாங்க. அண்ணன் பையன் அப்ப மூணாவது வருஷம் போறான். மண்டலப் போட்டியில நல்லா ஆடி, பல்கலைக்கழகத் தேர்வு முகாமுக்குப் பேரு வந்துச்சு. அனுப்பக் காலேஜுல ஆளு இல்ல, கையெழுத்துப் போட ஆளு இல்ல. போகவே இல்ல. அதோட, இனிமே பீஸு கட்டணும்னு சொல்லிட்டாங்க. அண்ணன் ரெண்டு கறவை மாட்டை வித்துக் கட்டினாரு. பையன் பாஸ் பண்ணிட்டான். ஃபார்ம் 3 வரல. போலீஸ் தேர்வு பொதுப் பிரிவுல எழுதினான், கொஞ்ச மார்க்குல போச்சு. ஒரகடத்துல மூணு வருஷம் கான்ட்ராக்ட். இப்ப பால் வண்டி ஓட்டறான்.

எனக்கு ஆத்திரம் வர்ற எடம் ஒண்ணுதான். எப்படியும் காலியாக் கெடக்கப்போற பெஞ்சுல ஒரு விளையாட்டுக்காரனை உக்கார வெச்சா, காலேஜுக்கு ஆகிற செலவு சோறு மட்டும்தானே? இதை அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சுட்டான். அங்க ஆளு குறையற சின்னக் காலேஜுங்க டீமைக் குறைக்கறதில்ல, புதுசா டீம் ஆரம்பிக்கறாங்க. டிவிஷன் மூணுன்னு ஒரு பிரிவு, அதுல விளையாட்டுக்குன்னு உதவித்தொகையே கெடையாது. ஆடணும்னு ஆசைப்பட்டு வர்ற பையன் பீஸு கட்டித்தான் சேர்றான், பயிற்சியாளரே ஆளு சேர்க்கிற ஏஜெண்டு. அதுலயும் எல்லாம் பொழைச்சுடல. அலபாமாவுல பர்மிங்காம்-சதர்ன் காலேஜ், 1856ல ஆரம்பிச்சது, பணமில்லாம 2024 மே 31ஆம் தேதி மூடிட்டாங்க. அந்தக் காலேஜோட பேஸ்பால் டீம் அன்னைக்கு ஒஹையோவுல தேசியப் போட்டியில ஆடிக்கிட்டு இருந்துச்சு. காலேஜே இல்ல, டீம் மட்டும் இருக்கு. ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டுதான் வெளிய வந்தாங்க. இதைப் படிச்சப்ப அண்ணன் பையனுக்குக் காட்டினேன். பாத்துட்டு, "அவங்களுக்குக் கையெழுத்துப் போட ஆளு இருந்திருக்கான் சித்தப்பா"ன்னான்.

இப்ப நிலைமை திரும்பவும் மாறியிருக்கு. ரெண்டு மூணு வருஷமா பொறியியலுக்குக் கூட்டம். எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரு பிரிவுக்கு இத்தனை சீட்டுதான்னு இருந்த உச்சவரம்பை 2024ல ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துடுச்சு. சென்னையில பெரிய காலேஜுங்க வகுப்பு மேல வகுப்பு சேத்துக்கிட்டாங்க. எங்க பக்கத்துப் பையனும் அங்கதான் போறான். அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 2021லேர்ந்து 7.5 சதவீதம், பீஸும் ஆஸ்டலும் அரசாங்கம் பாத்துக்குது. நல்ல திட்டம், எங்க ஊர்லேர்ந்தே ரெண்டு பேரு போயிருக்காங்க. கவுன்சிலிங்ல விளையாட்டுக்குன்னு 500 சீட்டும் இருக்கு. ஆனா அந்த 500க்குள்ள போறதுக்கே ஸ்கூல்ல படிக்கும்போதே மாநிலம், தேசியம்னு சர்ட்டிபிகேட் வேணும். எங்க பசங்களுக்கு அதுக்கு முந்தின படிதான் கெடையாது. அந்தப் படியாத்தான் பூட்டின கேட்டுக்குள்ள இருக்கிற கிரவுண்டு இருந்துச்சு.

என் பொண்ணு பதினொண்ணாவது, கபடி ஆடறா. அவளும் இன்னும் பத்துப் பொண்ணுங்களும் ஆடறதுக்கு எடம் கேட்டு அண்ணன் பையன் என்கிட்ட வந்தான். சாயங்காலம் பால் வண்டி முடிஞ்சதும் அவன்தான் சொல்லித் தர்றான். எங்கிட்ட இருக்கிறது களம் ஒண்ணுதான், சாணி போட்டு மெழுகினது. கோடு போட சுண்ணாம்பு நானே வாங்கிக் குடுத்தேன். உளுந்து அறுப்பு பங்குனி முதல் வாரம். அதுவரைக்கும் ஆடுங்கடான்னு சொல்லியிருக்கேன்.