இரு துறைகள், ஒரு வினா: ஹோசே இக்னாசியோ லத்தோரேயின் ஆய்வுப் பயணம்

செயற்கை நுண்ணறிவையும் குவாண்டம் தொழில்நுட்பத்தையும் நாம் இரு வேறு துறைகளாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். முன்னது கணினியியலுக்கும் பின்னது இயற்பியலுக்கும் உரியவை என்பது நம் பாடத்திட்டம் வகுத்த எல்லை. இரண்டிலும் நாட்டம் கொண்ட மாணவர் ஒருவர் நம்மிடம் வழி கேட்டால், ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றிக்கொள்ளுமாறே பெரும்பாலும் அறிவுரை கூறுகிறோம். அவ்வறிவுரை முற்றிலும் சரிதானா என்பதை, சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தில் 2020ஆம் ஆண்டு இயக்குநர் பொறுப்பேற்ற ஹோசே இக்னாசியோ லத்தோரேயின் ஆய்வு வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

லத்தோரே, பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோட்பாட்டு இயற்பியலறிஞர். துகள் இயற்பியலே அவரது தொடக்கக் களம். புரோட்டானுக்குள் குவார்க்குகளும் குளுவான்களும் உள்ளன. அவை புரோட்டானின் உந்தத்தைத் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைக் கோட்பாட்டைக் கொண்டு மட்டும் கணித்துவிட இயலாது. மோதல் சோதனைகளின் அளவீடுகளிலிருந்தே ஊகித்தறிய வேண்டும். அந்நாளில் அறிஞர்கள் ஒரு கணிதச் சூத்திரத்தை முன்னதாகவே தேர்ந்துகொண்டு, அளவீடுகளை அதனுள் பொருத்தி வந்தனர். இதில் ஓர் இடர் இருந்தது. கிடைத்த விடையில் இயற்கை கூறியது எவ்வளவு, சூத்திரத்தைத் தேர்ந்தவரின் முன்முடிவு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

2002ஆம் ஆண்டில் ஸ்டெஃபானோ ஃபோர்ட்டே, லுயிஸ் கரிடோ, ஆண்ட்ரியா பிச்சியோனே ஆகியோருடன் சேர்ந்து லத்தோரே புதியதொரு வழியை முன்வைத்தார். சூத்திரத்தின் இடத்தில் செயற்கை நரம்பு வலையமைப்புகளை அவர்கள் அமர்த்தினர். அளவீட்டுப் பிழைகளின் வரம்புக்குள் சிறிது சிறிது மாறுபடும் பல தரவுப் படிகளை உருவாக்கி, படிக்கு ஒரு வலையமைப்பாகப் பயிற்றுவித்தனர். வலையமைப்புகள் ஒருமித்த விடை தரும் இடத்தில் நம் அறிவு உறுதியானது. அவை சிதறும் இடத்தில் நம் அறியாமை வெளிப்படுகிறது. விடையோடு விடையின் உறுதிப்பாட்டையும் கூறுவதே இம்முறையின் சிறப்பு. இதிலிருந்து வளர்ந்த கூட்டாய்வின் முடிவுகள் பின்னாளில் செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியின் ஆய்வுகளில் பயன்பட்டன. நரம்பு வலையமைப்புகள் உலகின் கவனத்தை ஈர்ப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே இப்பணி தொடங்கிவிட்டது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டிலேயே அவர் பெயர் வேறொரு களத்திலும் ஒலித்தது. 2003இல் கிஃப்ரே விடால், என்ரிக் ரிக்கோ, அலெக்சி கிட்டாயேவ் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரையில், சங்கிலியாக அமைந்த குவாண்டம் சுழற்சிகளுக்கிடையே உள்ள பின்னலை அவர்கள் அளந்தனர். நிலைமாற்றப் புள்ளியில் அப்பின்னல், எடுத்துக்கொள்ளும் தொகுதியின் நீளத்திற்கேற்ப மடக்கை அளவில் பெருகுவதையும், பிற இடங்களில் ஓர் எல்லையோடு நின்றுவிடுவதையும் காட்டினர். பின்னல் குறைந்த இத்தகைய சங்கிலிகளைச் சாதாரணக் கணினியாலேயே திறம்படக் கணக்கிட முடியும். ஆகவே, குவாண்டம் கணினி எங்கே உண்மையில் தேவைப்படும் என்ற வினாவுக்கும் இவ்வாய்வு ஒளி பாய்ச்சியது.

இவ்விரு ஓடைகளும் 2020இல் வெளியான ஒரு கட்டுரையில் கலந்தன. சாதாரண நரம்பு வலையமைப்பில் ஒரே உள்ளீட்டைப் பல அலகுகளுக்கும் படியெடுத்து அனுப்பலாம். அறியப்படாத குவாண்டம் நிலையைப் படியெடுப்பதை இயற்கை விதியே தடுக்கிறது. இத்தடைக்கு லத்தோரேயும் அவருடைய இளம் சக ஆய்வாளர்களும் எளியதொரு தீர்வைக் கண்டனர்: தரவை மீண்டும் மீண்டும் உட்செலுத்துவது. அவ்வாறு செய்தால் ஒரே ஒரு கியூபிட்டும் தரவுகளை வகைப்படுத்தக் கற்றுக்கொள்ளும் என அவர்கள் நிறுவினர். எனினும், கற்கும் திறன் வேறு. சாதாரணக் கணினியை வெல்லும் திறன் வேறு. அன்றாடப் பயன்பாடுகளில் குவாண்டம் கற்றலின் மேம்பாடு இன்னும் உறுதிப்படவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை.

பொறிகளின் ஆற்றலை ஆராய்ந்தவர், அவற்றின் அறத்தையும் எண்ணிப் பார்த்தார். செயற்கை நுண்ணறிவின் நெறிமுறைகளைப் பற்றிப் பொதுமக்களுக்காக அவர் ஸ்பானிய மொழியில் எழுதிய நூல் 2019இல் வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டில் அவர் தலைமையேற்ற சிங்கப்பூர் மையம், 2007இல் ஆர்தர் எக்கர்ட்டை முதல் இயக்குநராகக் கொண்டு தோன்றியது. குவாண்டம் பின்னலைக் கொண்டு மறையீட்டுக்கு வழி காட்டியவர் எக்கர்ட்.

லத்தோரே இரு துறைகளின்பின் அலைந்தவர் என்று நாம் கருதினால், அது மேலோட்டமான முடிவாகும். நாம் அறிந்ததை எவ்வளவு உறுதியாக அறிந்திருக்கிறோம், எதைக் கணக்கிட முடியும் என்னும் அடிப்படை வினாவின் வழியே அவரது ஆய்வு சென்றது. அவ்வினா இட்டுச் சென்ற இடங்களுக்குப் பின்னாளில் துறைப்பெயர்கள் பெருமை சேர்த்தன. அவர் பயின்ற காலத்தில் இவ்விரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் பாடப்பிரிவு இருந்ததில்லை. கணிதத்திலும் இயற்பியலிலும் அவர் பெற்ற ஆழமே இரு கரைகளுக்கும் பாலமாயிற்று. எனவே, 'எத்துறையைத் தேர்வது?' என்று கேட்கும் மாணவரிடம், 'எவ்வினா உன்னை உறங்கவிடாமல் செய்கிறது?' என்று நாம் முதலில் கேட்போமாக. துறை அதன்பின் தானே வந்து சேரும்.